சந்தை விழக் காத்திருந்த சகலை

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டராக இருக்கும் சுயம்புலிங்கத்துக்கு அப்போது பங்குச் சந்தையில் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. ஆனாலும் தினமும் மத்தியானம், நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் இரைச்சலை விட்டு கேன்டீனுக்கு வந்ததும், தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிடுவதற்கு முன்பே செல்போனை எடுத்து, சந்தைக் குறியீடான நிஃப்டி எவ்வளவு என்று பார்த்துவிடுவார். சந்தை ஏறிப் பச்சையாக இருந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. சிவப்பாக இருந்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் சேர்த்து டீ சொல்வார்.

கூட வேலை பார்க்கும் ஆல்வின் ஒருநாள் கேட்டார். "என்ன அண்ணாச்சி, எம்புட்டு போட்டிருக்கீக அதுல?"

"நானா? நான் எதுக்குப் போடப் போறேன்? சும்மா பாக்கேன்."

சும்மா பார்க்கவில்லை. அதில் பணம் போட்டிருந்தவர் அவருடைய சகலை சுந்தரபாண்டியன்.

தேவதானத்து இருளப்பசாமிக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் மகாலட்சுமியைச் சுயம்புலிங்கம் கட்டினார். இளையவள் அனுசியாவுக்குக் கல்யாணம் ஆக இன்னும் ஆறேழு வருஷம் பிடித்தது. அத்தனை வருஷமும் அந்த வீட்டில் சுயம்புலிங்கம் ஒருவர்தான் மருமகன். கோழி அடித்தால் ஈரல் அவர் இலைக்கு. கிணற்று மோட்டார் நின்றால் மாமனார் அவருக்குத்தான் போன் போடுவார். ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனர் பையோடு போய் இறங்கினால், "மாப்ள வந்துட்டாக, இனி தண்ணி வந்துரும்" என்று மாமியார் முத்தாத்தாள் தெருவுக்கே கேட்கும்படி சொல்வார்.

பிறகு அனுசியாவை ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்த சுந்தரபாண்டியனுக்குக் கொடுத்தார்கள். கிணற்று மோட்டார் அவர் கைக்குப் போனது. அது அவருடைய தொழில், இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்று சுயம்புலிங்கம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வருத்தமாகத்தான் இருந்தது. புது மாப்பிள்ளை அதிகம் பேசமாட்டார், கோபப்படமாட்டார், குடிக்கமாட்டார். ஒரு மனிதனிடம் குறை சொல்ல ஒன்றுமே இல்லாமல் இருப்பது எவ்வளவு எரிச்சலான விஷயம் என்று சுயம்புலிங்கத்துக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒரு பொங்கலன்று சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, மாதாமாதம் தான் மியூச்சுவல் ஃபண்டில் பணம் போடுவதாகச் சுந்தரபாண்டியன் பேச்சுவாக்கில் சொன்னார். மாமனார், "அது என்னய்யா, சூதாட்டம் மாதிரியா?" என்று கேட்டார்.

"ஒரே கம்பெனி பங்கை வாங்கி நாளைக்கு ஏறுமான்னு பாத்தா சூதாட்டந்தான் மாமா. இது அப்படி இல்ல. நாட்டுல பெரிய கம்பெனின்னு அம்பது இருக்கு. நாம போடுற காசுல அந்த அம்பதுலயும் துளித்துளியா பங்கு வாங்குவாக. ஒண்ணு படுத்தா இன்னொண்ணு நிமிந்துரும். ஆனா பத்து வருசம் தொடாம விடணும். நடுவுல வேணும்னா ஆகாது."

மாமனார் தலையை ஆட்டினார். அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். ஆனால் அவர் அப்படிக் கவனித்துக் கேட்டதைச் சுயம்புலிங்கம் பார்த்தார். தன்னிடம் மோட்டாரைத் தவிர வேறெதையும் அவர் அப்படிக் கேட்டதில்லை.

இரண்டு வருஷத்தில் இருளப்பசாமி காலமானார். தனியாக விவசாயம் பார்க்க முடியாது என்று முத்தாத்தாள் நிலத்தை விற்றார். பெண்களுக்கு ஆளுக்கொரு பங்கு கொடுத்துவிட்டு, தனக்கென்று கொஞ்சம் வைத்துக்கொண்டார். மகாலட்சுமியின் பங்கு, வீட்டுக்கு மேல்தளம் போடுவதற்கும் மகன் கௌதம்ராஜின் பாலிடெக்னிக் பீஸுக்கும் போய்விட்டது. முத்தாத்தாள் தன் பங்கில் மூன்று லட்சத்தைச் சுந்தரபாண்டியனிடம் கொடுத்து, "நீ போடுறியே, அதுலயே எனக்கும் போடுய்யா" என்றார். அவர் அதை அத்தை பெயரிலேயே ஃபண்டில் போட்டார். எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் சுயம்புலிங்கத்துக்குத் தெரியவந்தது.

தேவதானத்திலிருந்து பைக்கில் திரும்பும்போது சேத்தூர் தாண்டும்வரை வேகமாக ஓட்டினார். பிறகு வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"நான் இந்த வீட்டுக்கு எத்தனை வருசமா மருமகன்?"

"இப்ப என்ன வந்துச்சு உங்களுக்கு?" என்றாள் மகாலட்சுமி.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாகளா, உங்க அம்மா?"

"உங்ககிட்ட கேட்டா என்ன சொல்லியிருப்பீக?"

அவர் வண்டியைக் கிளப்பினார். பணத்தை எங்கே போடுவது என்று அவருக்குத் தெரியாது. கேட்டிருக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். மறுநாள் முதல்தான் அவர் நிஃப்டி பார்க்க ஆரம்பித்தார். சந்தை என்றைக்காவது விழும். விழும்போது சின்ன மருமகன் முகத்தை அத்தை பார்க்கட்டும்.

அந்த நாள் இரண்டாயிரத்து இருபது மார்ச்சில் வந்தது. கொரோனா பயத்தில் உலகம் முழுக்கச் சந்தைகள் சரிந்தன. கேன்டீனில் சுயம்புலிங்கம் செல்போனைக் கீழே வைக்கவே இல்லை. ஒரு நாள் சிவப்பு, மறுநாள் அதைவிடச் சிவப்பு. ஒரு காலையில் வர்த்தகத்தையே கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தார்கள். நோயைப் பற்றி ஊரே பயந்து கிடந்தபோது, அவருக்குள் மட்டும் யாருக்கும் தெரியாமல் ஒரு திருவிழா நடந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் நேராகத் தேவதானத்துக்கு வண்டியை விட்டார். முகத்தைக் கவலையாக வைத்துக்கொள்ளத்தான் கொஞ்சம் சிரமப்பட வேண்டியிருந்தது.

"அத்தே, ஒங்க காசு மூணுல ஒண்ணு போயிருச்சு. இன்னும் போகும்னு டிவியில சொல்லுதாக. பாண்டி ஒங்ககிட்ட சொன்னாரா?"

முத்தாத்தாள் முறத்தைக் கீழே வைத்தார். "இல்லையேய்யா. நேத்துகூடப் பேசுனாரே. ஒண்ணும் சொல்லலையே."

"எப்படிச் சொல்லுவாரு?"

இந்த ஒரு கேள்வியைத்தான் அவர் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்திருந்தார். அது போய்த் தைத்தது. முத்தாத்தாள் உடனே போன் போட்டார். மறுமுனையில் சுந்தரபாண்டியன் பேசியது ஸ்பீக்கரில் கேட்டது. "அத்தே, வெல கொறஞ்சிருக்கு. அது நெசந்தான். ஆனா வித்தாத்தான் நட்டம். ஒங்க பேர்ல வாங்குன பங்கு, அதான் யூனிட்டு, ஒண்ணுகூடக் கொறையல. இப்ப பயந்து எடுத்தோம்னா இந்த வெலைக்கே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிரும். ரெண்டு மூணு வருசம் விட்டுப் பாப்போம்."

"எனக்கு ரெண்டு மூணு வருசம் இருக்கோ இல்லையோ. அவுக வேர்வை சிந்துன நெலம்யா அது. எடுத்துக் குடுத்துரு" என்று முத்தாத்தாள் அழுதார்.

"சரித்தே. திங்கக்கிழமை எடுத்துருதேன்" என்றார் அவர்.

அப்படியே செய்தார். இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் கூடுதலாக வந்தது. ஊரடங்கு தளர்ந்ததும் சுயம்புலிங்கம்தான் அத்தையைப் பைக்கில் உட்கார வைத்து பேங்குக்குக் கூட்டிப்போய், அவர் பெயரில் டெபாசிட் போட்டுக் கொடுத்தார். "பெரிய மாப்ள மட்டும் ஓடியாந்து சொல்லலைன்னா என் கதி என்னாயிருக்கும்?" என்று முத்தாத்தாள் போகிற வழியெல்லாம் பார்த்தவர்களிடம் சொன்னார். சுயம்புலிங்கம் முன்னால் பார்த்து வண்டியை ஓட்டினார். பல வருஷம் கழித்து ஈரல் மறுபடி அவர் இலைக்கு வந்திருந்தது.

அந்தச் சந்தோஷத்திலும் ஒரு முள் இருந்தது. ஊரடங்கில் மில் மூடிக் கிடந்தபோது, அவர் வீட்டில் இருந்த காசு இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. சுந்தரபாண்டியனின் கடையும் மூடித்தான் கிடந்தது. ஆனால் அனுசியா போன் செய்து, "அக்கா, கஷ்டம்னா சொல்லு. ஆறு மாசம் கடை தொறக்கலைன்னாலும் சாப்பிட இருக்கணும்னு அவிய பேங்குல தனியா எடுத்து வச்சிருக்காக. அந்த ஃபண்டையெல்லாம் தொட வேண்டியதே இல்ல" என்றாள். மகாலட்சுமி போனைக் கையால் பொத்திக்கொண்டு கணவனைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். மறுநாள் அவளுடைய செயின் அடகுக் கடைக்குப் போனது.

சந்தை விழுந்தும் சகலை விழவில்லையே என்பதுதான் அவருக்கு ஆறவில்லை.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். சந்தை ஏறியது. முத்தாத்தாளின் பணத்தை எடுத்த அந்தத் திங்கட்கிழமைதான் அடிமட்டம். அதற்கப்புறம் எந்த நாள் முடிவிலும் சந்தை அந்த அளவுக்கு இறங்கியதே இல்லை. தீபாவளிக்குப் பழைய இடத்துக்கு வந்தது. அதையும் தாண்டிப் போனது. கேன்டீனில் பச்சையைப் பார்த்துக்கொண்டே சுயம்புலிங்கம் மனக்கணக்குப் போடுவார். அத்தையின் பணம் அங்கேயே இருந்திருந்தால் இந்நேரம் எவ்வளவு? பேங்க் வட்டி வருஷத்துக்கு ஐந்தரை சதவீதம்; சமையல் எண்ணெய் விலை அதைவிட வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. பணம் பத்திரமாகத்தான் இருந்தது. பத்திரமாக இருந்தபடியே இளைத்துக்கொண்டிருந்தது.

இதை முத்தாத்தாள் அறியமாட்டார். அந்த வீட்டில் மருமகன்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். சுந்தரபாண்டியன் எப்போது வாயைத் திறப்பார் என்று சுயம்புலிங்கம் காத்திருந்தார். சித்திரையில் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனபோது எதிர்பார்த்தார். அனுசியா மகள் இந்துவின் காதுகுத்துக்குப் போனபோது எதிர்பார்த்தார். "அன்னைக்கு விட்டிருந்தா" என்று ஒரு வார்த்தை, ஒரு பார்வை, ஒரு பெருமூச்சு. எதுவும் வரவில்லை. சகலை எப்போதும்போல, "சாப்பிட்டீகளா அண்ணே?" என்று கேட்டார். பதில் சொல்லச் சண்டை வார்த்தைகளை எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு போய், சாம்பாரை மட்டும் சாப்பிட்டுவிட்டு அவர் திரும்பி வருவார். அந்த மௌனம் பெருந்தன்மையா, இளக்காரமா என்று வண்டியில் வரும்போது மகாலட்சுமியிடம் கேட்கவும் முடியாது.

மூன்று வருஷம் இப்படிப் போனது. இரண்டாயிரத்து இருபத்து மூன்றில் ஒருநாள் காலையில் முத்தாத்தாள் குழாயடியில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். பேங்கில் டெபாசிட்டை அன்றே முறித்துப் பணத்தைக் கட்டினார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பெண்கள் இருவரும் உள்ளே அம்மாவிடம் இருந்தார்கள். மருமகன்கள் இருவரும் வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நல்லவேளை, பேங்குல இருந்துச்சு அண்ணே" என்றார் சுந்தரபாண்டியன்.

சுயம்புலிங்கம் சட்டென்று திரும்பினார். "என்ன, குத்திக் காட்டுதியா?"

"எதை அண்ணே?"

"எதையா? அன்னைக்கு நான் போயி அத்தைகிட்ட சொல்லாம இருந்திருந்தா, எடுத்த ரூவா இன்னைக்கு ரெண்டு மடங்குக்கு மேல இருக்கும். ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மூணு வருசமா நீ ஒரு வார்த்தை கேக்கல. வேற எவனா இருந்தாலும் என் சட்டையப் பிடிச்சிருப்பான். மனசுக்குள்ளயே வச்சு என்னைய அறுக்கியா?"

கட்டுப் போட்ட கையோடு போன ஒருவர் நின்று திரும்பிப் பார்த்தார். சுந்தரபாண்டியன் அவர் போகும்வரை பொறுத்திருந்து, பிறகு சொன்னார்.

"நான் என்னத்தக் கேக்க? தப்பு என் பேர்ல அண்ணே. எனக்கு நல்லா வருதுன்னு அத்தைக்கும் அதுலயே போட்டேன். எனக்கு வயசு இருக்கு. இந்து காலேஜு போறதுக்கு இன்னும் எம்புட்டோ வருசம் இருக்கு. விழுந்தாலும் எந்திரிக்க நேரம் இருக்கு. அத்தைக்கு அப்படியா? அவுகளுக்கு எந்த நிமிசமும் ஆஸ்பத்திரி வரும். அந்தக் காசை பத்து வருசம் தொடக்கூடாத எடத்துல கொண்டுபோயி வச்சது மடத்தனம். கொஞ்சம்போல வச்சிருக்கலாம், அம்புட்டையும் வச்சிருக்கக் கூடாது. இதே ஆபரேசன் அந்த மார்ச்சு மாசத்துல வந்திருந்தா என்ன பண்ணியிருப்போம்? நீங்க சொன்னதுதான் சரி."

மூன்று வருஷமாக அவர் எதிர்பார்த்தது ஒரு குற்றச்சாட்டை. அதற்குப் பதில் அவருக்கு வெற்றி கிடைத்திருந்தது. அதுவும் யாரை ஜெயிக்க நினைத்தாரோ அவர் கையாலேயே. அதை வாங்கிக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். முடியவில்லை.

"நான் அத்தைக்காகச் சொல்லல பாண்டி." குரல் அவருக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது. "ஒன்மேல இருந்த வயித்தெரிச்சல்ல போயிச் சொன்னேன்."

"தெரியும் அண்ணே."

"தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும். இருந்தாலும் நீங்க சொன்னது சரிதான்." சுந்தரபாண்டியன் எழுந்தார். "டீ வாங்கிட்டு வாரேன். சீனி போடணுமா?"

அவர் வராந்தாவைத் தாண்டிப் போவதைச் சுயம்புலிங்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இதுவரை அவன் கடையைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறார், அவன் சேமிப்பைப் பார்த்து, அவன் சொல்லுக்கு அந்த வீட்டில் இருந்த மதிப்பைப் பார்த்து. அதெல்லாம் இப்போது சின்ன விஷயமாகத் தெரிந்தது. "தப்பு என் பேர்ல" என்று, டீக்குச் சீனி வேண்டுமா என்று கேட்பது போல அவனுக்கு லேசாகச் சொல்ல வருகிறதே, அதுதான் அவருக்கு வேண்டும். அதை எந்த பேங்கிலும் போய் வாங்க முடியாது.

இதற்குப் பிறகு அவர் சகலையிடம் போய்க் கற்றுக்கொண்டார் என்று சொன்னால் கதை நன்றாக இருக்கும். அவர் போகவில்லை. மகாலட்சுமிதான் அனுசியாவிடம் போனில் கேட்டாள். "ஏட்டி, மொதல்ல என்ன செய்யணும்?" என்றாள். முதலில் அடகில் இருந்த செயினை மீட்கச் சொன்னாள் தங்கை. அடகு வட்டியைவிடக் கூடுதலாக எந்த ஃபண்டும் நிச்சயமாகத் தந்துவிடாது. அடுத்து, சில மாதச் செலவுக்கான காசைப் பேங்கில் தனியாகச் சேர்க்கச் சொன்னாள். பிறகு குடும்பத்துக்கு ஒரு மருத்துவக் காப்பீடு. எல்லாம் முடிந்து மிச்சமிருந்தால்தான் மாதாமாதம் ஃபண்ட். மகாலட்சுமி வரிசை மாற்றாமல் செய்தாள். கடைசியில் மாதம் ஆயிரத்து ஐந்நூறு போடலாம் என்ற நிலை வந்ததும் சுயம்புலிங்கம் ஒரு நிபந்தனை போட்டார்.

"அவன் போடுற ஃபண்டு வேண்டாம். வேற பேரு எதாச்சும் பாரு."

வேறு பெயரில் வேறு கம்பெனியின் ஃபண்ட் ஒன்றில் போட்டார்கள். அதிலும் அதே ஐம்பது கம்பெனிகள்தான் இருந்தன. அது அவருக்குத் தெரியவர இரண்டு மாதம் ஆனது.

மறுவருஷம் ஜூன் மாதம் நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்த அன்று சந்தை மடமடவென்று சரிந்தது. சுயம்புலிங்கத்துக்கு அன்று ஓய்வு நாள். டிவியில் பார்த்துவிட்டுத் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"ஏ மகாலட்சுமி, இங்க வா! பாண்டிக்கு இன்னைக்கு எம்புட்டு போயிருக்கும் தெரியுமா?"

அவள் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து திரையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"நம்ம காசும் அதுலதானே கெடக்கு?"

"ஆமா."

"பொறவு எதுக்குச் சிரிக்கீக?"

சிரிப்பு அவர் முகத்திலிருந்து இறங்கிப் போக நேரமானது. தன் காசும் போனது அவருக்கு அதுவரை ஞாபகமே வரவில்லை. அதைவிட மோசம், ஞாபகம் வந்த பிறகும் அந்தச் சந்தோஷம் முழுதாகப் போகவில்லை. தனக்குப் பத்து ரூபாய் போனாலும் அவனுக்கு நூறு ரூபாய் போகிறதே என்று உள்ளே ஒன்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட ஒன்றைத் தனக்குள் வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் நடமாடியிருக்கிறோம் என்று அவருக்கு முதல்முறையாகக் கூச்சமாக இருந்தது. டிவியை அணைத்தார். எடுத்துவிடலாமா என்று மகாலட்சுமியிடம் கேட்கவில்லை. அந்த மாதத் தவணை எப்போதும் போகிற தேதியில் போனது.

சந்தை சில நாட்களில் சரியாகிவிட்டது. அவர் சரியானாரா என்றால், இல்லை. இரண்டு பேருடைய பணமும் ஒரே சதவீதத்தில் வளர்ந்தால், முன்னால் போனவனுக்கும் பின்னால் வருகிறவனுக்கும் இடையில் இருக்கும் தூரம் வருஷா வருஷம் கூடத்தான் செய்யும். அந்தக் கணக்கு அவருக்கு இப்போது நன்றாகப் புரியும். இந்த ஜென்மத்தில் சகலையைப் பிடிக்க முடியாது. பிடிக்க வேண்டும் என்று குறுக்கு வழியில் எதையாவது செய்தால் இருப்பதும் போகும் என்பதும் தெரியும். ஆகவே எரிச்சலோடேயே தவணை கட்டுகிறார். அனுசியா வீட்டில் புதிதாக எதையாவது பார்த்துவிட்டு வந்தால் இன்றைக்கும் இரண்டு நாள் சரியாகப் பேசமாட்டார். மூன்றாம் நாள் பேசிவிடுவார்.

முத்தாத்தாள் இப்போது ஊன்றுகோலோடு நன்றாக நடக்கிறார். ஆஸ்பத்திரிச் செலவு போக மிஞ்சிய பணத்தையும், வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டு இடத்தை விற்றதில் வந்ததையும் இந்த முறை அவர் எந்த மருமகனிடமும் கொடுக்கவில்லை. மகாலட்சுமியைக் கூப்பிட்டுக் கொடுத்தார். அவள் யாரையும் கேட்காமல், தபால் ஆபீசில் வயதானவர்களுக்கான சேமிப்புத் திட்டத்தில் அம்மாவின் பெயரில் போட்டுவிட்டு வந்தாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வருகிறது. தேவதானத்தில் யாராவது பண விஷயமாகக் கேட்டால், "எங்க மூத்தவகிட்ட கேளுங்க, அவளுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்கிறார் முத்தாத்தாள்.

சகலைமேல் இருந்தது போதாதென்று, இப்போது கட்டிய மனைவிமேலேயே வந்திருக்கும் இந்தப் பொறாமையை என்ன செய்வது என்று சுயம்புலிங்கத்துக்கு இன்னும் பிடிபடவில்லை.